நம்மைப் பிடிக்காதவர்கள் இருக்கட்டும்: இதைப் பழகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒருவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று தெரியவந்ததும் நம்மில் பலர் உடனே அந்த முடிவை மாற்றப் பாடுபடத் தொடங்குகிறோம். அவர் எதிரில் சற்றுக் கூடுதலாகச் சிரிக்கிறோம், அவர் கேட்காத உதவிகளைச் செய்கிறோம், இருவருக்கும் தெரிந்த ஒருவரைத் தனியே அழைத்து, "என்மேல் அவருக்கு ஏதாவது வருத்தமா?" என்று விசாரிக்கிறோம், இரவில் படுத்தபடி அன்று பேசியதை வரிவரியாக மீண்டும் ஓட்டிப் பார்க்கிறோம். தீர்ப்புச் சொல்லிவிட்ட ஒருவரிடம் ஓயாமல் மேல்முறையீடு செய்வதற்கு ஒப்பானது இது. "எல்லோருக்கும் என்னைப் பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதே இல்லை" என்று உறுதியாகச் சொல்பவர்கள்கூட, அருகிலிருந்து கவனித்தால், இந்த மேல்முறையீட்டை நிறுத்தாதவர்களாகவே இருக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். உடன் பணியாற்றிய ஒருவருக்கு முதல் மாதத்திலிருந்தே என்னைப் பிடிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதை மாற்ற முயன்றேன். அவருடைய வேலையில் ஒரு பகுதியை என் தலையில் ஏற்றிக்கொண்டேன். அவர் சொல்வது தவறு என்று தெரிந்த இடங்களிலும் தலையாட்டினேன். அவர் மனம் மாறவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் என் வேலை மோசமானதும், என்மேல் உண்மையான அன்பு வைத்திருந்த இரண்டு நண்பர்களுக்கு நேரம் ஒதுக்காமல் போனதும்தான் மிச்சம். ஏற்றுக்கொள்ளுதல் என்பது ஒருநாள் மனத்தில் தானாக வந்து இறங்கும் நிம்மதி என்று எண்ணி நான் காத்திருந்தேன். நடந்ததோ வேறு: முதலில் சில செயல்களை நிறுத்தினேன், நிறுத்திய பல வாரங்களுக்குப் பிறகுதான் நிம்மதி மெல்லத் தலைகாட்டியது. ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் எதைச் செய்வது, எதைச் செய்யாமலிருப்பது என்பதைப் பற்றியே பேசுகிறது.

தொடங்கும் முன்: வலிக்கும் என்று அறிந்திருங்கள்

கிப்லிங் வில்லியம்ஸ் என்ற சமூக உளவியலாளர் ஒருமுறை தம் நாயோடு பூங்காவில் அமர்ந்திருந்தபோது, ஃபிரிஸ்பி எனும் பிளாஸ்டிக் தட்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்த இருவரின் தட்டு அவர் அருகே வந்து விழுந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பி எறிய, அவர்கள் மீண்டும் அவரிடமே எறிய, மூவருமாகச் சிறிது நேரம் விளையாடினார்கள். பிறகு அந்த இருவரும் காரணம் எதுவும் சொல்லாமல் தங்களுக்குள் மட்டும் எறிந்துகொள்ளத் தொடங்கினார்கள். முன்பின் அறியாத இருவர், இனிச் சந்திக்கவே போகாத இருவர் விலக்கியது தமக்கு இவ்வளவு வலிப்பானேன் என்ற வியப்பிலிருந்து அவருடைய ஆய்வு பிறந்தது. அந்த விளையாட்டை, தட்டுக்குப் பதிலாகத் திரையில் பந்தை எறிந்துகொள்ளும்படி கணினிக்கு ஏற்றவாறு மாற்றி 'சைபர்பால்' என்று பெயரிட்டார். பந்து தம்மிடம் வருவது நின்றுபோனவர்களின் மனநிலை சில நிமிடங்களிலேயே சரிந்தது. எதிரில் ஆடுபவர்கள் மனிதர்களே அல்லர், வெறும் கணினி நிரல்தான் என்று முன்கூட்டியே அறிந்திருந்தவர்களும் தப்பவில்லை என்பதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு நவோமி ஐசன்பெர்கரும் மேத்யூ லீபர்மனும் வில்லியம்சுடன் சேர்ந்து இதே விளையாட்டின்போது மூளையைப் படமெடுத்து, உடல்வலி தரும் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போதும் கூடுதலாக இயங்குவதைக் கண்டனர். இரண்டு வலியும் ஒன்றுதானா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வலிக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பலர், "இன்னும் எனக்கு வலிக்கிறது, ஆகவே நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கணினி நிரல் பந்து எறியாததற்கே வாடும் மனம், எதிரில் நிற்கும் மனிதர் முகம் திருப்பும்போது வாடாமல் இருக்காது. வலி வரட்டும். அது வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில் மட்டும் கவனம் இருந்தால் போதும்.

முதல் படி: அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்பது உண்மைதானா?

ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் உங்கள் கண்ணும் காதும் அறிந்ததை மட்டும் எழுதுங்கள்: "காலையில் நான் வணக்கம் சொன்னேன், அவர் பதில் சொல்லவில்லை", "நான் அனுப்பிய செய்திக்கு மூன்று நாளாகப் பதில் இல்லை". வலப்பக்கம் அதிலிருந்து நீங்கள் ஊகித்ததை எழுதுங்கள்: "என்னைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை". இரண்டு பக்கங்களும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதை எழுதிப் பார்க்காமல் உணர்வது கடினம். இடப்பக்கத்தில் இரண்டு வரி, வலப்பக்கத்தில் இருபது வரி என்று பலருக்கு அமையும்.

இந்த ஊகம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் பிழைபடுகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. எரிக்கா பூத்பியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறையாகச் சந்தித்துப் பேசிய இருவரிடம் தனித்தனியே கேட்டபோது, எதிரிலிருந்தவர் தம்மை எவ்வளவு விரும்பியிருப்பார் என்று ஒவ்வொருவரும் போட்ட கணக்கு, அவர் உண்மையில் விரும்பிய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. ஒரே விடுதியில் சேர்ந்து வசித்த மாணவர்களிடம் இந்த இடைவெளி பல மாதங்கள் நீடித்தது. பிறர் நம்மைக் கவனிக்கும் அளவையும் நாம் மிகையாகவே எண்ணுகிறோம். தாமஸ் கிலோவிச்சும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அணிவதற்குக் கூச்சம் தரும் படம் அச்சிட்ட சட்டையோடு ஓர் அறைக்குள் அனுப்பப்பட்ட மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவே.

ஆயினும் இந்த முதல் படியிலேயே தங்கிவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். "அவருக்கு உங்களைப் பிடிக்கும், நீங்கள்தான் தவறாக நினைக்கிறீர்கள்" என்ற ஆறுதல், கேட்பவரை மீண்டும் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நிம்மதி இன்னமும் அவருடைய விருப்பத்தையே நம்பி நிற்கிறது. சில சமயம் இடப்பக்கமே நீண்டுகொண்டு போகும். அப்போது, ஆம், அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது.

இரண்டாம் படி: குறையா, பிடிக்காமையா, தீங்கா?

இம்மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. நீங்கள் செய்த ஏதோ ஒன்றால் அவர் புண்பட்டிருந்தால், அது குறை. வாக்களித்ததைச் செய்யாமல் விட்டது, பிறர் முன்னிலையில் அவரைத் தாழ்த்திப் பேசியது, அவர் உழைப்பை உங்கள் உழைப்பாகக் காட்டியது போன்றவை இதில் அடங்கும். இதற்கு உரிய பதில், ஒருமுறை தெளிவாக மன்னிப்புக் கேட்டு, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்வது. "நான் அன்று கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டது தவறு. இன்று எல்லோருக்கும் அதைத் திருத்தி எழுதி அனுப்பியிருக்கிறேன்." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்ட பிறகும் அவருக்கு உங்களைப் பிடிக்காமல் இருக்கலாம். மன்னிப்பைக் கொடுத்து விருப்பத்தை வாங்க முடியாது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்கப்படும் மன்னிப்பு, பெரும்பாலும் நம் மனச்சுமையை அவர் தோளில் ஏற்றுவதாகவே முடிகிறது.

தீங்கு என்பது வேறு. உங்களைப் பற்றிப் பொய் பரப்புவது, திட்டமிட்டு ஒதுக்குவது, அச்சுறுத்துவது, உங்கள் உடலுக்கோ வருமானத்துக்கோ கேடு விளைவிப்பது ஆகியவற்றை இந்த வழிகாட்டியில் சொல்லும் எதையும் கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். நடந்ததைத் தேதியிட்டு எழுதி வையுங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், முறையாகப் புகார் செய்யும் வழி இருந்தால் செய்யுங்கள். பிறருக்குத் தன்னைப் பிடிக்காமல் இருப்பதை ஏற்கப் பழகிய ஒருவர், புகார் செய்தால் மேலும் சிலருக்குத் தன்னைப் பிடிக்காமல் போகுமே என்று தயங்குவது குறைவு.

இவை இரண்டும் கழிந்தபின் எஞ்சுவது வெறும் பிடிக்காமை. நீங்கள் எதுவும் செய்யவில்லை, அவரும் உங்களுக்குக் கேடு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் ஒட்டவில்லை. இனிவரும் படிகள் இதற்கு மட்டுமே உரியவை.

மூன்றாம் படி: உங்களுக்குப் பிடிக்காதவர்களை எழுதுங்கள்

என் அனுபவத்தில் இந்த ஒரு படிதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயன் தந்தது. நேரமில்லாதவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம். உங்களுக்குப் பெரிதாக எந்தத் தீங்கும் செய்யாத, ஆனாலும் ஏனோ உங்களுக்குப் பிடிக்காத ஐந்து பேரை நினைத்துப் பாருங்கள். எவரும் காணாத தாளில் அவர்களை எழுதி, ஒவ்வொருவரையும் ஏன் பிடிக்கவில்லை என்று நேர்மையாக எழுதுங்கள்.

முதல் இரண்டு பேருக்குக் கனமான காரணங்களாகத் தோன்றும். தொடர்ந்து எழுதினால் அவை இளகத் தொடங்கும். ஒருவருடைய குரலின் ஏற்ற இறக்கம் உங்களைப் பள்ளியில் வருத்திய யாரையோ நினைவூட்டுகிறது. இன்னொருவரை நீங்கள் முதன்முதலில் சந்தித்த நாள் உங்களுக்கு மோசமான நாள். மூன்றாமவர் நீங்கள் விரும்பிய பொறுப்பைப் பெற்றுவிட்டார். நான்காமவரை உங்கள் நெருங்கிய நண்பருக்குப் பிடிக்காது, அதனால் உங்களுக்கும் பிடிக்காது. நமக்கு வேண்டியவர்களின் விருப்பு வெறுப்போடு நம்முடையதும் ஒத்துப்போனால்தான் மனம் அமைதியடைகிறது என்று உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் 1940-களிலேயே விளக்கியிருக்கிறார். ஐந்தாமவருக்குக் காரணமே கிடைக்காது.

இப்போது ஒவ்வொருவரைப் பற்றியும் நான்கு கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காததால் அவர் மதிப்பற்ற மனிதர் ஆகிவிட்டாரா? அவர் என்ன செய்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்கும்? அவர் விழுந்து விழுந்து உங்களுக்கு உதவி செய்தால் உங்கள் மனம் இளகுமா, சலிக்குமா? ஒரு வாரத்தில் எத்தனை நிமிடம் அவரைப் பற்றி நினைக்கிறீர்கள்?

நான் எழுதிய பதில்கள் எனக்கே வியப்பளித்தன. ஐவரில் ஒருவரைக்கூட நான் கெட்டவராகக் கருதவில்லை. அவர்கள் செய்யக் கூடியது ஏறத்தாழ எதுவுமே இல்லை. முயன்றால் எனக்குச் சங்கடம்தான் கூடும். வாரத்துக்கு இரண்டு நிமிடம் நினைத்திருந்தால் அதிகம். அவர்களில் மூவருக்கு என் மனத்தில் இருப்பது தெரியவே தெரியாது. என்னைப் பிடிக்காத அந்த உடன்பணியாளரின் பட்டியலிலும் நான் இப்படித்தான், ஏதோ ஒரு குரலின் சாயலாகவோ ஒரு மோசமான நாளின் நினைவாகவோ, இரண்டு நிமிட அளவில் இருந்திருப்பேன் என்று அன்றுதான் தோன்றியது. அவர் தந்த இரண்டு நிமிடத்துக்கு நான் இரண்டு ஆண்டுகளைக் கொடுத்திருந்தேன்.

நான்காம் படி: ஒரே ஒருவர், ஆறு வாரம்

"இனி யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை" என்று ஒட்டுமொத்தமாக உறுதி எடுக்காதீர்கள். அது மூன்று நாள்கூட நிற்காது. உங்களைப் பிடிக்காத ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறைக்கு உங்கள் வாழ்க்கையில் அதிகப் பங்கில்லாதவராக அவர் இருப்பது நல்லது. வாழ்க்கைத் துணையின் பெற்றோரிடமோ மேலதிகாரியிடமோ தொடங்க வேண்டாம். ஆறு வாரக் கெடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரமும் அவர் மனத்தை மாற்ற எதையும் செய்வதில்லை என்பதுதான் பயிற்சி.

எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் இப்பழக்கங்கள் நல்ல குணங்களின் வேடத்தில் வருபவை. கேட்காமல் செய்யும் உதவியைத் தாராள மனம் என்றும், நகைச்சுவையே இல்லாததற்குச் சிரிப்பதைப் பண்பு என்றும், நீண்ட விளக்கங்களை நேர்மை என்றும் நம்மை நாமே நம்ப வைத்துக்கொள்கிறோம். அவரைப் பற்றிப் பிறரிடம் விசாரிப்பது, அவர் இணையத்தில் எழுதுவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, அவர் காதில் விழும்படி நம் நற்செயல்களைச் சொல்வது, அவரைப் பற்றிக் குறை பேசி ஆள் சேர்ப்பது ஆகியவையும் இதில் சேரும். கடைசியாகச் சொன்னது எதிர்ப்பைப் போல் தோன்றினாலும் அதுவும் மேல்முறையீடுதான். நீதிமன்றம் மட்டும் வேறு.

"அடிக்கடி பழகினால் தானாகப் பிடித்துவிடும்" என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கிறது என்று ராபர்ட் சயான்ஸ் 1968-இல் காட்டினார். ஆனால் அருகில் இருப்பது வெறுப்பையும் வளர்க்கும். ஒரு குடியிருப்பு வளாகத்தில் நடத்தப்பட்டு 1976-இல் வெளியான ஆய்வில், மக்கள் தங்களுக்குப் பிடித்தவர்கள் என்று சொன்னவர்களைப் போலவே பிடிக்காதவர்கள் என்று சொன்னவர்களும் பெரும்பாலும் அருகிலேயே குடியிருந்தார்கள். ஏற்கெனவே ஒட்டாத ஒருவரை மேலும் மேலும் நெருங்குவது எந்தப் பக்கம் சாயும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும். அவர் எதிரில் வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும், எதையாவது சரிசெய்ய வேண்டும் என்ற துடிப்பு எழும். அப்போது அந்தத் துடிப்பை எதிர்த்துப் போராடாமல், "இதோ வந்துவிட்டது" என்று மனத்துக்குள் பெயரிட்டு, மூச்சைச் சற்று நீட்டி வெளியே விட்டு, செய்துகொண்டிருந்த வேலையைத் தொடருங்கள். எனக்கு அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்தது. இடையில் ஒருநாள் தவறிப்போய்க் கூடுதலாகச் சிரித்துவிட்டால் கெடுவை மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டியதில்லை. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

ஐந்தாம் படி: மரியாதையைக் குறைக்காதீர்கள்

முயற்சியை நிறுத்தும்போது சிலர் முகத்தையும் திருப்பிக்கொள்கிறார்கள். அது அவருக்கு விடுக்கும் இன்னொரு செய்தி, இன்னொரு முறையீடு. அறிமுகமில்லாத ஒருவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை எவ்வளவோ, அதே அளவை இவருக்கும் காட்டுங்கள். வணக்கம் சொல்லுங்கள், பதில் வராவிட்டாலும் நடையை மெதுவாக்காமல் செல்லுங்கள். வேலை தொடர்பானதைச் சுருக்கமாகப் பேசுங்கள். அவர் நன்றாகச் செய்ததைப் பாராட்ட வேண்டிய இடம் வந்தால், வேறு யார் செய்திருந்தாலும் எவ்வளவு சொல்வீர்களோ அவ்வளவே சொல்லுங்கள். மூன்றாமவர் வந்து, "அவருக்கு உங்களைப் பிடிக்காது, தெரியுமா?" என்று மூட்டிவிட்டால், "இருக்கலாம், அதனால் வேலைக்குத் தடையில்லை" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பது பழைய அனுபவம்தான்.

ஆறாம் படி: சிறிய ஏமாற்றங்களைத் தெரிந்தே கொடுங்கள்

ஆறு வாரத்தின் பிற்பகுதியில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், தமக்கு முக்கியமான எல்லோராலும் தாம் விரும்பப்பட்டே ஆக வேண்டும் என்ற நம்பிக்கையை மனிதரை வருத்தும் நம்பிக்கைகளில் முதன்மையானதாக வைத்தார். அவர் தம் 19-ஆம் வயதில், புறக்கணிப்பின் அச்சத்தைப் போக்க ஒரு தாவரவியல் பூங்காவில் அமர்ந்திருந்த பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் ஒரே மாதத்தில் வலியப் போய்ப் பேச முயன்றதைப் பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். ஒரே ஒருவர் மீண்டும் சந்திக்க ஒப்புக்கொண்டார், அவரும் வரவில்லை. ஆனால் எல்லிஸின் அச்சம் போயிற்று. அறிமுகமில்லாதவர்களைப் பயிற்சிப் பொருளாக்கும் இம்முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உட்கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: அஞ்சியது நடந்த பிறகும் நாம் முழுதாக இருக்கிறோம் என்பதை உடல் நேரில் அறிய வேண்டும்.

நண்பர்கள் எல்லோரும் புகழும் ஒன்று உங்களைக் கவரவில்லை என்றால், கேட்கும்போது அதைச் சொல்லுங்கள். வர இயலாத நிகழ்வுக்கு, "இந்த முறை வர இயலாது" என்று காரணங்களை அடுக்காமல் சொல்லுங்கள். கூட்டத்தில் மாற்றுக் கருத்தை ஒரே வாக்கியத்தில் வையுங்கள். எவருடைய முகமாவது சற்று வாடும். அந்த வாட்டத்தை உடனே துடைத்தெடுக்கப் பாயாமல் இருப்பதுதான் இங்கே பயிற்சி.

மிச்சமாகும் நேரம்

மேல்முறையீடு நின்றதும் கணிசமான நேரமும் மனமும் மிச்சமாகும். அதை வெறுமனே விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும். கெட்டது நல்லதைவிட மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து ராய் பாமைஸ்டரும் அவர் குழுவினரும் 2001-இல் எடுத்துரைத்தனர். பத்துப் பேர் அன்பாக இருக்கும் அறையில் முகம் சுளிக்கும் ஒருவர்மேலேயே நம் கண் நிலைப்பது இதனால்தான். வாரம் ஒருமுறை, உங்கள்மேல் அன்புள்ள ஒருவருக்கு நீங்களாகத் தொலைபேசியில் அழையுங்கள். என் இரண்டு நண்பர்களில் ஒருவரோடு இப்படித்தான் மீண்டும் பேசத் தொடங்கினேன். முதல் அழைப்பில் அவர் சற்று வருத்தத்தோடுதான் பேசினார், அதற்கு அவருக்கு உரிமை இருந்தது.

இந்த வழிகாட்டி போதாத இடங்கள்

உங்கள் ஊதியத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றால், மனப்பயிற்சி மட்டும் போதாது. செய்த வேலையை எழுத்தில் பதிவு செய்யுங்கள், எதிர்பார்ப்புகளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், உங்கள் திறனை அறிந்த வேறு சிலரும் அந்த நிறுவனத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், வேறிடம் தேடுவதையும் தோல்வியாகக் கருதாதீர்கள். பெற்றோரின் அன்பு கிடைக்காமல் வளர்ந்தவர்களின் துயரம் இதைவிட மிக ஆழமானது. அதை ஆறு வாரக் கெடுவுக்குள் அடக்க முயல்வது கொடுமையாகும். பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தால் வாரக்கணக்கில் உறக்கம் கெட்டாலோ, வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியாமல் போனாலோ, மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ சந்தியுங்கள். சமூகப் பதற்றத்துக்கு நன்கு சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் இருக்கின்றன. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அவற்றுள் ஒன்று.

ஆறு வாரம் முடிந்ததும்

முதல் படியில் எழுதிய தாளை எடுத்துப் பாருங்கள். அவருக்கு இப்போது உங்களைப் பிடிக்கிறதா என்று தேடாதீர்கள்; சிலருக்கு மாறியிருக்கும், பலருக்கு மாறியிருக்காது, இரண்டும் இந்தப் பயிற்சியின் அளவுகோல் அல்ல. கடந்த வாரம் அவரைப் பற்றி ஏறத்தாழ எத்தனை முறை நினைத்தீர்கள், அவர் அறையில் இருந்தபோது சொல்ல நினைத்ததைச் சொன்னீர்களா, அவர் முகம் திருப்பிய பிறகு எவ்வளவு நேரத்தில் உங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள் ஆகிய மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு அரைநாள் பிடித்தது இப்போது அரைமணி நேரம் பிடித்தால் பயிற்சி சரியாகப் போகிறது. பிறகு உங்களைப் பிடிக்காதவர்களில் சற்றுக் கடினமான அடுத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள்.